தீ எப்போது பற்றும், எப்போது பற்றாது? எரிதலின் வேகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பிளஸ் டூவில் 'வேதிவினை வேகவியல்' என்ற பாடம் வரும். மாணவர்கள் சமன்பாட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பாடம் முழுவதும் தங்கள் வீட்டு அடுப்பிலும், வெல்ல ஆலையிலும், அப்பா ஓட்டும் லாரியின் எஞ்சினிலும் தினமும் நடக்கிறது என்று சொன்னால் மட்டும் நம்ப மறுக்கிறார்கள். வகுப்பில் அவர்கள் கேட்டவை, பெற்றோர் கூட்டத்தில் சிலர் கேட்டவை, டீக்கடையில் ஓட்டுநர்கள் கேட்டவை என்று பல ஆண்டுகளாகக் குறித்து வைத்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பெட்ரோல் பங்கில் எரிபொருளும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. பிறகு ஏன் தானாகத் தீப்பற்றுவதில்லை?

மேட்டில் நிறைந்திருக்கும் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே வயல் இருக்கிறது; தண்ணீர் இறங்கி ஓட வழியும் இருக்கிறது. ஆனாலும் கரை இருக்கிறவரை ஒரு சொட்டும் போகாது. பெட்ரோலும் ஆக்சிஜனும் சேர்ந்தால் ஏராளமான வெப்பம் வெளிவரும் என்பது உண்மை. அதற்கு முன் பழைய பிணைப்புகள் முறிய வேண்டும். அந்தக் கரையின் உயரத்தைத்தான் பாடநூல் கிளர்வு ஆற்றல் என்கிறது. ஆக்சிஜனுக்குத் தனியாக இன்னொரு குணமும் உண்டு. அதன் மூலக்கூறில் இரண்டு எலக்ட்ரான்கள் இணை சேராமல் நிற்கின்றன. எரிபொருளிலோ எல்லா எலக்ட்ரான்களும் இணை சேர்ந்தே இருக்கின்றன. இந்தப் பொருத்தமின்மை காரணமாக ஆக்சிஜன் நேரடியாகப் பாய்ந்து வினைபுரியத் தயங்குகிறது. அந்தத் தயக்கம் இல்லையென்றால் காடும் இருக்காது, நாமும் இருக்கமாட்டோம்.

வெப்பநிலை ஏறும்போது வினைவேகம் எப்படி ஏறுகிறது என்பதை ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் அர்ரீனியஸ் 1889ல் ஒரு சமன்பாடாகத் தந்தார். வெறும் சூத்திரமாகப் பார்க்காமல் ஒரு முறை எண்களைப் போட்டுப் பாருங்கள். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 160 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையான 300 கெல்வினிலிருந்து 1000 கெல்வினுக்குப் போனால் வேகம் எத்தனை மடங்கு கூடும்? ஒன்றுக்குப் பின்னால் 19 சுழியங்கள் போட வேண்டியிருக்கும். பெட்ரோல் பங்கில் அந்த வினை நடக்கவே இல்லை என்று சொல்வதைவிட, மனித ஆயுளில் கண்ணுக்குத் தெரியாத மெதுவில் இருக்கிறது என்று சொல்வதே பொருத்தம். தீக்குச்சி செய்யும் வேலை ஒரு சிறு இடத்தில் கரையை உடைத்துவிடுவது. அங்கிருந்து வரும் வெப்பம் பக்கத்து இடத்தின் கரையை உடைக்கும். அதற்குப் பிறகு குச்சி தேவையில்லை.

பெட்ரோலைவிட டீசல் குறைந்த வெப்பநிலையிலேயே தானாகப் பற்றும் என்று படித்தேன். நடைமுறையில் பெட்ரோல்தானே சட்டென்று பிடிக்கிறது?

இரண்டும் உண்மை. இங்கே இரண்டு வெவ்வேறு வெப்பநிலைகள் குழம்பிக்கொள்கின்றன. பொறி ஒன்று அருகில் வந்தால் பற்றும் அளவுக்கு ஆவி மேலே சேரும் வெப்பநிலை ஒன்று. பெட்ரோலுக்கு அது சுழியத்துக்கும் கீழே சுமார் 40 டிகிரி செல்சியஸ். எனவே நம் ஊரில் எந்த நேரத்திலும், எந்தக் குளிரிலும் பெட்ரோல் தயாராகவே நிற்கிறது. டீசலுக்கு அது பொதுவாக 50 டிகிரிக்கு மேல். கிண்ணத்தில் ஊற்றித் தீக்குச்சி காட்டினாலும் எளிதில் பிடிக்காது. இது ஆவியாதலைப் பொறுத்தது.

இரண்டாவது, பொறியே இல்லாமல், சூட்டில் மட்டும் தானாகப் பற்றும் வெப்பநிலை. டீசலுக்கு அது சுமார் 210 டிகிரி, பெட்ரோலுக்கு 250 டிகிரிக்கு மேல். இது மூலக்கூறின் வடிவத்தையும் வினைவேகத்தையும் பொறுத்தது. பெட்ரோல் எஞ்சினுக்குப் பிளக் தேவைப்படுவதும் டீசல் எஞ்சினுக்குத் தேவைப்படாததும் இதனால்தான்.

தீ ஏன் படிப்படியாக இல்லாமல் திடீரென்று வெடிக்கிறது? 'சங்கிலி வினை' என்றால் என்ன?

என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எரிபொருள் மூலக்கூறும் ஆக்சிஜன் மூலக்கூறும் நேருக்கு நேர் மோதித் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுவதாகச் சமன்பாட்டில் எழுதுகிறோம். உண்மையில் ஒரு தீயில் அப்படி நடப்பதே இல்லை. வேலையைச் செய்வது தனி உறுப்புகள்: இணை சேராத எலக்ட்ரானோடு அலைகிற, கணநேரமே உயிர்வாழ்கிற துண்டுகள். ஹைட்ரஜன் எரிவதை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹைட்ரஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறில் மோதுகிறது. ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் ஒட்டிய துண்டு) ஒன்று, ஆக்சிஜன் அணு ஒன்று என இரண்டு தனி உறுப்புகள் பிறக்கின்றன. அந்த ஆக்சிஜன் அணு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறில் மோதி இன்னொரு ஹைட்ராக்சிலையும் ஒரு ஹைட்ரஜன் அணுவையும் தருகிறது. இரண்டு ஹைட்ராக்சில்களும் ஆளுக்கொரு ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிடித்து, தண்ணீராகி, ஆளுக்கொரு ஹைட்ரஜன் அணுவை விட்டுச் செல்கின்றன. கணக்குப் பாருங்கள்: ஒன்று போட்டோம், மூன்று வந்தது.

ஒன்று மூன்றாக, மூன்று ஒன்பதாக, ஒன்பது இருபத்தேழாக. வட்டிக்கு வட்டி வாங்குகிற கடன் எப்படி வளரும் என்பதை நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஐம்பதாவது தலைமுறையில் அந்த எண்ணிக்கை, ஒரு மோல் பொருளில் உள்ள துகள்களின் எண்ணிக்கையான அவகாட்ரோ எண்ணை (சுமார் ஆறுக்குப் பின்னால் 23 சுழியங்கள்) தாண்டிவிடும். ஒரே ஓர் அணுவில் தொடங்கியது, ஐம்பதே படிகளில் ஒரு மோல்! முதல் நாற்பது தலைமுறை வரை வெளியே ஒன்றும் தெரியாது; கடைசிச் சில தலைமுறைகளில் எல்லாமே முடிந்துவிடும். பற்றுவதற்கு முன் ஓர் அமைதியான காத்திருப்பும், பிறகு திடீர் வெடிப்பும் இருப்பது இதனால்.

இதைக் கண்டுபிடித்த கதையும் சொல்லத் தக்கது. 1920களில் லெனின்கிராடில் ரஷ்ய வேதியியலாளர் செம்யோனோவின் ஆய்வகத்தில் காரிட்டோன், வால்ட்டா என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் பாஸ்பரஸ் ஆவியில் சிறிது சிறிதாக ஆக்சிஜனை விட்டுப் பார்த்தார்கள். ஆக்சிஜனின் அழுத்தம் ஒரு வரம்பைத் தொடும்வரை ஒளியே வரவில்லை. தாண்டியதும் குப்பென்று எரிந்தது. வினைபுரியாத ஆர்கான் வாயுவைச் சேர்த்தாலும் எரிந்தது! வினைவேகவியலில் அன்று பெரிய பெயரான ஜெர்மனியின் போடன்ஸ்டைன் இதை ஏற்கவில்லை. சோதனையில் பிழை இருப்பதாக எழுதினார். செம்யோனோவ் தாமே சோதனையைத் திரும்பச் செய்து உறுதிப்படுத்தினார். பிறகு போடன்ஸ்டைனும் ஏற்றுக்கொண்டார். இங்கிலாந்தில் ஹின்ஷெல்வுட் இதே போன்ற விளைவை ஹைட்ரஜனில் கண்டார். செம்யோனோவ், ஹின்ஷெல்வுட் இருவருக்கும் 1956ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அழுத்தம் கூடினால் வெடிக்கும் ஆபத்தும் கூடிக்கொண்டேதானே போகும்?

அப்படித்தான் தோன்றும். ஆனால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த பாத்திரத்தைச் சுமார் 500 டிகிரியில் வைத்து அழுத்தத்தை மெல்ல ஏற்றினால் நடப்பது வேறு. மிகக் குறைந்த அழுத்தத்தில் வெடிக்காது. சற்று ஏற்றினால் வெடிக்கும். இன்னும் ஏற்றினால் வெடிப்பு நின்றுவிடும். மேலும் ஏற்றினால் மறுபடி வெடிக்கும்.

காரணம், பெருக்கத்துக்கும் சாவுக்கும் நடக்கும் போட்டி. வாயு மெலிந்திருக்கும்போது தனி உறுப்புகள் தடையின்றிப் பறந்துபோய்ப் பாத்திரத்தின் சுவரில் மோதிச் செத்துவிடுகின்றன. அழுத்தம் கூடினால் வழியில் மற்ற மூலக்கூறுகள் குறுக்கே நிற்கும். சுவரை அடைவதற்குள் பெருகிவிடும். பாஸ்பரஸ் சோதனையில் ஆர்கான் செய்ததும் இந்தக் குறுக்கே நிற்கும் வேலைதான். அழுத்தம் இன்னும் கூடினால், ஹைட்ரஜன் அணுவும் ஆக்சிஜனும் மோதும் அதே நொடியில் மூன்றாவது மூலக்கூறு ஒன்றும் வந்து மோதும் வாய்ப்பு கூடுகிறது. அது மிகுதி ஆற்றலை வாங்கிக்கொள்ள, இரண்டும் ஒட்டிக்கொண்டு ஹைட்ரோபெராக்சில் என்ற மந்தமான உறுப்பாகிவிடுகின்றன. பெருக்கம் நிற்கிறது. அதற்கும் மேலே போனால் அந்த மந்தமான உறுப்பே வினைபுரியத் தொடங்குகிறது. வெளியேற முடியாத வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஒரே கலவை, ஒரே வெப்பநிலை. அழுத்தம் மாறும்போது மட்டும் விடை மூன்று முறை மாறுகிறது. சமன்பாட்டைச் சமப்படுத்தத் தெரிந்தால் போதும் என்று நினைக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டும் வரைபடம் இதுதான்.

சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் வண்டி 'டக் டக்' என்று தட்டுகிறது. இது எஞ்சின் பழுதா, பெட்ரோல் சரியில்லையா?

பெரிய கியரில், குறைந்த வேகத்தில், ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகி ஏற்றம் ஏறினால் நல்ல வண்டியும் தட்டும். பிளக்கில் கிளம்பிய தீ, சிலிண்டருக்குள் ஒழுங்காகப் பரவிக்கொண்டே வருகிறது. அது இன்னும் போய்ச் சேராத மூலையில் உள்ள கலவை, அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே பற்றிவிட்டால் அழுத்த அலை எழுந்து சுவரில் மோதும். அந்தச் சத்தம்தான் தட்டல். கியரைக் குறைத்தால் எஞ்சின் வேகமாகச் சுழலும், மூலைக் கலவைக்குக் காத்திருக்கும் நேரம் குறையும், தட்டல் நிற்கும். தீ வந்து சேரும் நேரமா, தானாகப் பற்றும் நேரமா, எது குறைவு என்பதே இங்கே கேள்வி.

ஒரு பெட்ரோல் தட்டலை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஆக்டேன் எண் அளப்பதும் இந்தக் காத்திருப்பைத்தான். நேர் சங்கிலியாக நீண்ட ஹெப்டேனுக்கு 0, கிளை கிளையாகப் பிரிந்த ஐசோ-ஆக்டேனுக்கு 100 என்று வைத்திருக்கிறார்கள். ஒரே இன மூலக்கூறுகளுக்குள் ஏன் இவ்வளவு வேறுபாடு? எரிபொருள் துண்டில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து ஒட்டிக்கொள்கிறது. பிறகு அது வாலைச் சுருட்டித் தன்னைத் தானே தொடுவதுபோல வளைந்து, தன் உடலிலேயே இன்னொரு கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. அங்கே மறுபடி ஓர் ஆக்சிஜன் ஒட்டுகிறது. கடைசியில் அது உடையும்போது ஒன்றுக்கு மேற்பட்ட தனி உறுப்புகள் சிதறுகின்றன. நீண்ட நேர் சங்கிலியில் இப்படி வளைவதும் எளிது, நடுவில் உள்ள ஹைட்ரஜன்களைப் பறிப்பதும் எளிது. கிளைத்த மூலக்கூறில் பெரும்பாலான ஹைட்ரஜன்கள் நுனியில் இறுகப் பிணைந்திருக்கின்றன. அதனால் அது தாமதிக்கிறது.

ஒரு விந்தையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுமார் 400 டிகிரியிலிருந்து 550 டிகிரி வரையிலான பகுதியில் வெப்பம் ஏற ஏற இந்த வினை மெதுவாகிறது! ஒட்டிய ஆக்சிஜன் சூட்டில் மறுபடி கழன்றுவிடுவதே காரணம். அர்ரீனியஸ் சமன்பாடு பொய்த்துவிட்டதா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு தனிப் படிக்கும் அது சரிதான். பல படிகள் போட்டியிடும்போது மொத்த வேகம் எந்தப் பக்கமும் சாயலாம்.

ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தால் தட்டல் நிற்கும் என்று 1921ல் அமெரிக்காவில் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். எஞ்சினுக்குள் உருவாகும் ஈய ஆக்சைடுத் துகள்கள் தனி உறுப்புகளைக் கொன்று காத்திருப்பை நீட்டின. அந்த ஈயம் உலகம் முழுவதும் குழந்தைகளின் இரத்தத்தில் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ல்தான் நின்றது. வேகவியல் தெரிந்தால் மட்டும் போதாது, அது எங்கே போய் முடியும் என்றும் பார்க்க வேண்டும் என்று இந்த இடத்தில் வகுப்பில் சற்று நேரம் நின்று பேசுவேன். இப்போது கலக்கும் எத்தனாலும் தட்டலைத் தடுக்கிறது. லிட்டருக்கு அதன் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

மார்கழிக் காலையில் தளி, ஓசூர் பக்கம் டீசல் வண்டி ஏன் கிளம்ப அடம்பிடிக்கிறது?

டீசல் எஞ்சினில் நாம் விரும்புவது தட்டலுக்கு நேர் எதிர்: சீக்கிரம் தானாகப் பற்ற வேண்டும். காற்றைப் பதினாறு மடங்குக்கு மேல் அமுக்கி, 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். பீய்ச்சியதற்கும் பற்றுவதற்கும் இடையே சுமார் ஆயிரத்தில் ஒரு நொடி. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதோடு உள்ளே வரும் காற்றும், சிலிண்டர் சுவரும் குளிர்ந்திருக்கின்றன. காத்திருப்பு நீண்டு, பற்றுவதற்குள் பிஸ்டன் இறங்கிவிடுகிறது. அப்போது பின்னால் வரும் வெள்ளைப் புகை எரியாத டீசல் துளிகள்.

வைக்கோல் போர் யாரும் தீ வைக்காமலே பற்றுமா?

பற்றும். ஊரில் யார்மீதாவது பழி விழுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடேற்றும். சுமார் 70 டிகிரியில் அவை செத்துவிடும். அதற்குள் மெதுவான வேதி ஆக்சிஜனேற்றம் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. இங்கே ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்குப்போலப் பாருங்கள். வெப்ப வரவு போரின் உள்ளே முழுக் கன அளவிலும் நடக்கிறது. செலவு வெளிப்பரப்பு வழியாக மட்டும். போரின் அகலம், நீளம், உயரம் எல்லாம் இரு மடங்கானால் வரவு எட்டு மடங்கு. பரப்போ நான்கு மடங்குதான். வரவு வெப்பநிலையோடு அடுக்கடுக்காக ஏறும், செலவு நேர்கோட்டில் மட்டுமே ஏறும். ஒரு புள்ளிக்குப் பிறகு செலவு வரவை எட்டிப் பிடிக்கவே முடியாது. செம்யோனோவும் பிறகு பிராங்க்-கமனெட்ஸ்கியும் எழுதிய வெப்ப வெடிப்புக் கொள்கையின் சாரம் இதுதான். சிறிய கட்டு பற்றாமல் பெரிய போர் பற்றுவதற்கு வேறு மந்திரம் இல்லை. நன்றாகக் காயவைத்து, சிறு சிறு போராகப் போடுங்கள். புகையிலை வாடையோ, கருகிய வெல்ல வாடையோ போரிலிருந்து வந்தால் கிளறாதீர்கள். கிளறினால் காற்று புகுந்து குப்பென்று பிடிக்கும். தீயணைப்புத் துறையை 101ல் அழையுங்கள்.

கார்த்திகைக்குச் சுற்றும் மாவளியில் சுடரே இல்லை. பிறகு அது எப்படி அவ்வளவு பொறியைக் கக்குகிறது?

நான் சிறுவனாக இருந்தபோது தீபத்துக்கு ஒரு வாரம் முன்பே வேலை தொடங்கிவிடும். ஆண் பனையின் பூக்கதிர்களைப் பொறுக்கிவந்து, குழியில் போட்டுச் சுட்டு, முழுதும் சாம்பலாவதற்குள் மண்ணைப் போட்டு மூடுவோம். மறுநாள் எடுத்தால் கரி. அதை இடித்துப் பொடியாக்கி, பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுருட்டி, பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிற்றில் தொங்கவிடுவோம். ஒரு கங்கை வைத்துச் சுழற்றினால் முதல் இரண்டு சுற்றுக்கு ஒன்றுமே தெரியாது. மூன்றாவது சுற்றில் சிவக்கும். அதற்குப் பிறகு பொன்மழை.

குழியை மூடியபோது நாங்கள் செய்தது, சுடராக எரியக்கூடிய ஆவிப் பொருள்களை வெளியேற்றிவிட்டுக் கார்பனை மட்டும் நிறுத்திக்கொண்டது. கார்பன் ஆவியாகாது. எனவே ஆக்சிஜன்தான் அதன் மேற்பரப்பைத் தேடிவர வேண்டும். கங்கு மங்கலாக இருக்கும்போது வேகத்தைத் தீர்மானிப்பது வேதிவினை. எவ்வளவு விசிறினாலும் உடனே பலன் தெரியாது. நன்றாகச் சிவந்த பிறகு வினை மிக வேகமாகிவிடும். ஆக்சிஜன் எவ்வளவு விரைவில் வந்து சேர்கிறது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கும். அப்போது சுழற்றச் சுழற்ற வெளிச்சம் கூடும். முதல் இரண்டு சுற்றுக்கும் மூன்றாவது சுற்றுக்கும் இடையே நடப்பது, ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்கு மாறுவது. பொறியாகப் பறக்கும் துகளுக்கு எரிந்து முடியும் நேரம் ஏறக்குறைய அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள் நூறில் ஒரு பங்கு நேரத்தில் தீர்ந்துவிடும். கேழ்வரகு மாவு மில்லில் காற்றில் மிதக்கும் மாவுத் தூசிக்கு அருகே பீடி பற்றவைக்கக் கூடாது என்பதும் இதே கணக்கினால்தான்.

கொல்லரின் துருத்தி இரண்டாவது ஆட்சியின் கருவி. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பண்பாட்டுச் சான்றின் காலம் கி.மு. 2172 என்று 2022ல் அறிவிக்கப்பட்டது. இரும்புத் தாதுவை உருக்கு உலையில் பிரிக்க 1100 டிகிரிக்கு மேல் வேண்டும். சும்மா குவித்த கரி அவ்வளவு சூட்டைத் தராது. ஆக்சிஜனை வலிந்து ஊட்ட வேண்டும் என்பதை நம் மண்ணில் யாரோ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் கை வலிக்க வலிக்கக் கற்றிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும்.

கரி அடுப்பின் மேல் சில சமயம் நீலச் சுடர் மெல்ல ஆடும். அது கார்பன் மோனாக்சைடு எரிவது. முற்றிலும் உலர்ந்த கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் பொறிக்குக்கூடப் பற்ற மறுக்கும் என்று 1880ல் டிக்சன் காட்டினார். துளி ஈரம் இருந்தால் போதும், அதிலிருந்து வரும் ஹைட்ராக்சில் அதை எரித்துவிடும். தண்ணீர் தீயை வளர்க்கும் இடமும் உண்டு!

வெல்ல ஆலையில் ஒரே சக்கைதான். சில நாள் கரும்புகை, சில நாள் புகையே இல்லை. ஏன்?

எங்கள் பக்கத்து ஆலையில் அடுப்புக்குச் சக்கை தள்ளுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு கட்டையும் போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து முறுக்குவார். நொறுங்கினால் உள்ளே போகும். வளைந்தால் மறுபடி வெயிலுக்குப் போகும். புகைபோக்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எந்த அளவில் தள்ளுவது என்று முடிவு செய்வார். நான் கரும்பலகையில் எழுதுவதை அவர் விரல்கள் அறிந்திருக்கின்றன.

பிழிந்தவுடன் சக்கையில் பாதி தண்ணீர். அது ஆவியாகும்வரை சக்கையின் சூடு ஏறாது. சூடு போதாமல் மரப்பொருள் சிதையும்போது தார் ஆவி வரும். அது எரியும் வேகத்தை எட்டுவதற்குள் குளிர்ந்து புகைபோக்கியில் துளியாகி வெளியேறும். அந்த வெள்ளைப் புகை நாம் எரிக்காமல் விட்ட எரிபொருள். ஒகேனக்கல் என்றால் கன்னடத்தில் புகையும் கல் என்று பொருள். அங்கே புகையாகத் தெரிவதும் துளிகள்தான். கரும்புகை வேறு. அது சூடு இருந்தும் காற்று போதாதபோது வருவது. எரிபொருள் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி வளையங்களாகி, வளையங்கள் அடுக்காகி, கரித்துகள் ஆகின்றன. ஒரேயடியாக நிறையத் திணித்தால் கரும்புகை. ஈரமாகத் திணித்தால் வெள்ளைப் புகை. பெரியவர் சிறிது சிறிதாக, காய்ந்ததை மட்டும் தள்ளுகிறார்.

சிலிண்டர் கசிந்தால் சுவிட்சைத் தொடக்கூடாது என்கிறார்களே, அவ்வளவு சிறிய பொறிக்கா பயப்பட வேண்டும்?

ஆம், பயப்படத்தான் வேண்டும். சமையல் வாயுக் கலவையைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் கால் பங்கு போதும். சுவிட்சில் பறக்கும் பொறி அதைவிடப் பல மடங்கு பெரியது.

காற்றில் வாயுவின் பங்கு சுமார் 1.8 முதல் 9.5 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டுமே தீ பரவும். குறைவாக இருந்தால், வெளிவரும் வெப்பம் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குவதிலேயே கரைந்துபோகும். பெருக்கம் சாவிடம் தோற்றுவிடும். மிகுதியாக இருந்தால் ஆக்சிஜன் போதாது. பத்தடி நீளம், எட்டடி அகலம், பத்தடி உயரமுள்ள சமையலறைக்கு நானே கணக்குப் போட்டேன்: 14.2 கிலோ சிலிண்டரில் ஒரு கிலோவுக்கும் குறைவாகக் கசிந்தாலே அறை முழுவதும் ஆபத்து எல்லைக்குள் வந்துவிடும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். எனவே அதைவிடக் குறைவே போதும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906க்கு அழையுங்கள்.

தண்ணீரும் உலர்பொடியும் தீயை அணைப்பது ஒரே விதமாகவா?

தண்ணீர் வெப்பத்தைத் திருடுகிறது. வினையின் வேகம் விழுந்துவிடுகிறது. பொடி அதோடு இன்னொன்றும் செய்கிறது: துகள்களின் பரப்பிலும், அவை சிதைந்து வரும் ஆவியிலும் தனி உறுப்புகள் சிக்கிச் சாகின்றன. சங்கிலி அறுகிறது. எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள்; அடுப்பை அணைத்து, மூடியால் மூடிவிடுங்கள்.

பட்டாசுத் தீயை ஏன் மூடி அணைக்க முடியாது?

ஆக்சிஜனைத் தரும் பொருள் மருந்துக்குள்ளேயே கலந்திருக்கிறது. காற்று வந்து சேரும் காத்திருப்பு கிடையாது. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அந்த வாரம் வகுப்பில் நான் இந்தப் பாடத்தை எடுக்கவில்லை. அடுத்த வாரம் எடுத்தேன். பிள்ளைகள் அன்று கேட்ட அளவுக்கு எந்த ஆண்டும் கேள்வி கேட்டதில்லை.

டீசல் லாரிகளுக்கு யூரியாக் கரைசல் எதற்கு?

காற்றிலுள்ள நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்கக் கரை மிக உயரம். சுமார் 1500 டிகிரிக்கு மேல்தான் அது வேகம் பிடித்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகும். இந்த வழியை விளக்கியவர் செல்டோவிச். எஞ்சின் நன்றாக, சூடாக எரியும்போது இந்த நச்சும் கூடுகிறது என்பது சங்கடமான உண்மை. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு, பெரும்பாலான லாரிகளில் யூரியாக் கரைசலிலிருந்து வரும் அம்மோனியாவைக் கொண்டு புகைக்குழாயிலேயே அதை மறுபடி நைட்ரஜனாக்குகிறார்கள். கரைசலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றி ஓட்டுவது நம் பிள்ளைகளின் மூச்சில் கைவைப்பது.

இவ்வளவையும் கணக்காகப் போட முடியுமா? மேலே படிக்க வழி உண்டா?

முடியும். மீத்தேன் எரிவதற்கான புகழ்பெற்ற ஒரு வினைத்தொகுப்பில் 53 வேதிப்பொருள்களும் 325 வினைகளும் இருக்கின்றன. ஐசோ-ஆக்டேனுக்கு வினைகள் ஆயிரக்கணக்கில் போகும். ஒரு வினை நொடியின் கோடியில் ஒரு பங்கில் முடியும், இன்னொன்று மெதுவாக நகரும். இரண்டையும் ஒரே கணக்கில் பிடிப்பதுதான் கடினம். கான்டெரா என்ற இலவச மென்பொருளைச் சாதாரண லேப்டாப்பிலேயே இயக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் ஒன்று இருக்கிறது. வேதியியல், இயந்திரவியல், வான்பொறியியல் எந்த வழியாகவும் இந்தத் துறைக்குப் போகலாம்.

வீட்டில் பாதுகாப்பாகச் செய்து பார்க்க ஏதாவது உண்டா?

பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, நெருக்கமான கண்ணுள்ள எவர்சில்வர் டீ வடிகட்டி, இடுக்கி. மெழுகுவர்த்தியைச் சற்று நேரம் எரியவிட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்ணிறக் கோடு எழும். அது மெழுகின் ஆவி குளிர்ந்த துளிகள். திரியைத் தொடாமல், அந்தக் கோட்டில் இரண்டு விரற்கடை உயரத்தில் தீக்குச்சியைக் காட்டினால் தீ கோட்டின் வழியே இறங்கித் திரியில் உட்காரும்.

பிறகு வடிகட்டியை இடுக்கியால் பிடித்து, எரியும் சுடரின் நடுவே மெல்ல இறக்குங்கள். சுடர் வலைக்குக் கீழேயே நின்றுவிடும். மேலே புகை மட்டும் வரும். ஆவி கண்களின் வழியே தாராளமாகப் போகிறது, ஆனால் உலோகக் கம்பி வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால் வலைக்கு மேலே வினை வேகம் பிடிப்பதில்லை. 1815ல் டேவி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் விளக்கைச் சுற்றிக் கட்டிய வலை இதே வேலையைத்தான் செய்தது. இப்போது வலைக்கு மேலே வரும் புகையில் ஒரு தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். அங்கே தனியாக இன்னொரு சுடர் எரியத் தொடங்கும். நடுவில் வலை, கீழே ஒரு தீ, மேலே ஒரு தீ.